ஒரு பட்டை குறைகிறது

மேடையில் அமர்ந்திருக்கும் நிலையத்தின் இன்றைய கண்காணிப்பாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் தையல்கார நண்பரே, பம்புகளை நிறுத்த முடியாததால் படிக்கட்டிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பம்ப் ஆட்களே, இந்த நிலையத்தின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வணக்கம் சொன்ன கையோடு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் நினைவஞ்சலி அழைப்பிதழில், என் பெயருக்கு நேரே, “அம்மையாரைக் கண்டறிந்து ஊக்குவித்த முன்னாள் கண்காணிப்பாளர்” என்று அச்சாகியிருக்கிறது. எனக்கு முன்னால் பேசிய மூவரும் அதையே நம்பிப் பேசினார்கள். ஒருவர் என்னைத் தூண் என்றார். ஒருவர் நிழல் என்றார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டுவது எனக்குப் பழகிவிட்டது.

அந்த வரி பொய். நான் அவரை ஊக்குவிக்கவில்லை. தடுத்தேன். அதை இங்கே சொல்லத்தான் வந்திருக்கிறேன். பாதியில் என்னை உட்காரச் சொல்லாதீர்கள், சங்கத் தலைவரே. உங்கள் கை ஒலிபெருக்கிப் பக்கம் போகிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யார் இந்த அம்மையார்? பதவியைச் சொன்னால், நிலையத்தின் வேதியியலர். முப்பது ஆண்டுகள் இந்த ஆய்வகத்தில் நின்றவர். நின்றவர் என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பதவியைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? குமிழியம்மா என்றால்தான் தெரியும். நிலையத்தைப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் ஓயாமல் குமிழி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து வைத்தார்கள். பிள்ளைகள் எனக்குப் பெயர் வைக்கவில்லை. எனக்குப் பம்ப் ஆட்கள் வைத்தார்கள்: “பதினொரு மணி.” முதுகுக்குப் பின்னால்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஆற்றுத் தண்ணீர் கோடையில் சேற்று வாடை அடிக்கும். வயல்களில் தெளித்த மருந்தும் கொஞ்சம் கலந்து வரும். அதை உடைக்க நாம் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புற ஊதா விளக்கின் கீழ் ஓட விடுகிறோம். பயப்படாதீர்கள், புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த மருந்துதான். வேலையை முடித்ததும் அது வெறும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடும். அவ்வளவு நல்ல சரக்கு. ஆனால் அது எங்கிருந்து வருகிறது? ஒன்றரை நாள் தூரத்தில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து, டிரம்களில், லாரியில். கொதிக்கும் வெயிலில், குண்டும் குழியுமான சாலையில்.

குமிழியம்மா ஒரு நாள் என் அறைக்கு வந்து கேட்டார்: “சார், தண்ணி நம்மகிட்ட இருக்கு. காத்து இருக்கு. கூரையில சோலார் தகடு போட்டிருக்கோம், கரண்டும் இருக்கு. பெராக்சைடு செய்ய இந்த மூணும் போதும். அப்புறம் எதுக்கு சார் லாரி?”

அன்று என்ன சொன்னேன் தெரியுமா? “அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா, ஏசி போகுது” என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய், செய்தார். இரண்டு ஆண்டுகள். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில், கரி இழையில் நெய்த, மின்சாரம் ஓடும் கரித்துணி ஒன்று வேண்டும். அந்தத் துணி மடிப்பு விழாமல், சுருங்காமல், நான்கு பக்கமும் ஒரே இழுப்பில் நிற்க வேண்டும். ஒட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. கம்பி கட்டிப் பார்த்தார், கிழிந்தது. கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோனார். இதோ உட்கார்ந்திருக்கிறாரே அவருடைய கணவர், இவர் தைத்துக் கொடுத்தார். கரித்துணி ஊசியை மழுங்கடிக்கும். ஒரு துணிக்கு ஏழு ஊசி போனதாம். “மனுஷங்களுக்குத்தான் இத்தனை நாள் தைச்சேன், அளவு எடுக்கும்போது ஆடிக்கிட்டே இருப்பாங்க. இது ஆடாம நிக்குது, அதுவே பெரிய விஷயம்” என்று அவர் சொன்னதைக் குமிழியம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நானும் சிரித்தேன். வேறு மாதிரி சிரித்தேன். தலைமை அலுவலகக் கூட்டத்தில், பன்னிரண்டு பேர் முன்னால், “எங்க ஊர்ல தண்ணியையும் தைக்க ஆரம்பிச்சுட்டாங்க” என்றேன். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பெரிய அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்த ஒரே நகைச்சுவை அது. அதைக் காப்பாற்றத்தான் பின்னால் வந்த அத்தனையும் செய்தேன். கேட்க வெட்கமாக இருக்கிறதா? சொல்கிற எனக்கு எப்படி இருக்கும்?

இருந்தாலும் சோதனைக்கு அனுமதி வந்தது. தொண்ணூறு நாள். நாள்தோறும் பெட்டியிலிருந்து வரும் தண்ணீரில் பெராக்சைடு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பார்ப்பது எளிது. ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் போதும். வெள்ளையாகவே நின்றால் ஒன்றும் இல்லை. நீலமானால் இருக்கிறது. எவ்வளவு நீலமோ, அவ்வளவு.

இங்கே என் பெயர்க்காரணம் வருகிறது. நான் பொறுப்பேற்ற புதிதில், ஆய்வகத்தில் ஒரு ஆள் சோதனையே செய்யாமல் நாற்காலியில் சாய்ந்தபடி எண்களை எழுதிக்கொண்டிருந்தான். பிடித்தேன். அன்றே ஒரு விதி போட்டேன்: காலை எட்டு மணிக்கு எடுக்கும் மாதிரிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைக்க வேண்டும், நான் பதினொரு மணிக்கு வருவேன், என் கண் முன்னால்தான் சோதிக்க வேண்டும், நான் கையெழுத்திட்டால்தான் அது எண். அந்த விதிக்காக எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அந்த ஜன்னல் கிழக்கு பார்த்தது. அந்தக் கண்ணாடிப் புட்டிகள் பதினைந்து வருடப் பழசு; உள்ளே பழுப்பாகப் படலம் படிந்தவை. ஆற்றுத் தண்ணீரில் வரும் இரும்பும் மாங்கனீசும் விட்டுப்போன கறை. டிரம்மில் வரும் பெராக்சைடு கெட்டியானது, அதை எப்போது சோதித்தாலும் காட்டும். ஆனால் அப்போதே பிறந்து அப்போதே கலக்கும் இளசான பெராக்சைடு? அந்தக் கறை பட்டால் சிதையும். வெயில் பட்டால் சிதையும். மூன்று மணி நேரத்தில் புட்டியில் என்ன மிஞ்சும்? தண்ணீர்தான் மிஞ்சும்.

முதல் நாள் வெள்ளை. இரண்டாம் நாள் வெள்ளை. பத்தாம் நாளும் வெள்ளை.

குமிழியம்மா சொன்னார்: “சார், இது காத்திருக்காது சார். குழாயடியிலேயே நனைச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.”

நான் சொன்னேன்: “ஏம்மா, உங்க மெஷினுக்கு நான் நேரம் பார்த்து வரணுமா? நான் வர்ற வரைக்கும் அது நிக்கணும்.”

“புது பாட்டிலாவது கொடுங்க சார். இல்ல, இதையே ஆசிட் போட்டுக் கழுவிடுறேன்.”

“பாட்டிலை மாத்தினா முடிவையும் மாத்திட்டாங்கன்னு பேசுவாங்க. எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்.”

தன் சொந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். குழாயடியில் அவரே பார்த்து எழுதியது, நாள்தோறும் நீலம். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றேன். அவர் வாதாடவில்லை. அடுத்த நாளும் எட்டு மணிக்குப் புட்டிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். விதி விதிதானே.

இதுவரை சொன்னதெல்லாம் என் அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு. இனிமேல் சொல்வதற்கு உண்டா என்று எனக்குத் தெரியாது.

அறுபத்தொன்றாம் நாள். மகளின் பள்ளியில் ஏதோ விழா, குமிழியம்மா விடுப்பு. எனக்கும் காலைக் கூட்டம் தள்ளிப்போனது. எட்டரைக்கே நிலையத்துக்கு வந்துவிட்டேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. பெட்டி தன்பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மேசையில் பட்டை டப்பா. எனக்குள் என்ன தோன்றியதோ, ஒரு பட்டையை உருவி, பெட்டியின் குழாயைத் திறந்து நனைத்தேன்.

நீலம். வெளிர்நீலம் அல்ல. டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் கட்டங்களில் கடைசிக்கு முந்தைய கட்டம். அடர்நீலம்.

யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்தத் திரும்பிப் பார்த்தலை என்னால் மறக்க முடியவில்லை. நல்ல செய்தி கிடைத்த மனிதன் அப்படித் திரும்பிப் பார்க்க மாட்டான். திருடன்தான் பார்ப்பான். பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு பேரின் சிரிப்பு காதில் கேட்டது. தண்ணியையும் தைக்கிறாங்க என்று சொன்னவன், ஆமாம், தைத்த தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

பதினொரு மணிக்கு ஆய்வகத்துக்குப் போனேன். உதவியாளர் ஜன்னல் விளிம்பிலிருந்து புட்டியை எடுத்தார், பட்டையை நனைத்தார். வெள்ளை. பதிவேட்டில் என் கையால் எழுதினேன்: “இல்லை.” கையெழுத்திட்டேன். பொய் எழுதுகிறவனைப் பிடிக்க விதி போட்டவன் நான். அதே விதியின்படி, அதே நேரத்துக்கு, அதே பதிவேட்டில் நான் பொய் எழுதினேன். பிடிக்க யாரும் இல்லை.

அதன்பின் இருபத்தொன்பது நாளும் அப்படியே எழுதினேன். “இயந்திரம் பயனற்றது” என்று அறிக்கை போனது. பெட்டியைப் பின்கொட்டகையில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடி, பூட்டிச் சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

மூன்று ஆண்டு கழித்து வந்த பெருமழை உங்களுக்கு நினைவிருக்கும். யாருக்குத்தான் இல்லை? பாலம் உடைந்தது. ஒன்பது நாள் லாரி வரவில்லை. பெராக்சைடு டிரம்கள் இரண்டாம் நாளே தீர்ந்தன. குளோரினைச் சிக்கனமாகப் பிடித்துப் பிடித்துக் கலந்தோம். சேற்றுத் தண்ணீர் அதையும் விழுங்கிவிட்டது. மேட்டுத் தெருக்களின் கடைசிக் குழாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் தண்ணீர்.

மூன்றாம் நாள் குமிழியம்மா என் அறைக்கு வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“சார், கொட்டகைச் சாவி கொடுங்க. பெட்டியை ஓட்டிப் பார்க்கலாம். பெராக்சைடும் விளக்கும் முன்னாடியே பாதி வேலையைப் பார்த்துட்டா, இருக்கிற குளோரின் கடைசி வரைக்கும் போகும் சார்.”

“பயனற்றதுன்னு அறிக்கை இருக்கும்மா. அதை எப்படி ஊருக்குக் குடிக்கக் கொடுக்கிறது?”

அறிக்கை இருக்கிறதாம்! எழுதியவன் யார்? நான்தானே! பெட்டி ஓடினால் என் பொய் தெரிந்துவிடும். ஓடாவிட்டால் ஊர்தானே கஷ்டப்படும். இப்படி ஒரு கணக்கு என் மனதுக்குள் ஓடியது. வெளியே, நடைமுறை, அனுமதி என்று பேசினேன்.

அவர் வெளியே போனார். மேட்டுத் தெருக்களில் வீடு வீடாக ஏறி, “கொதிக்க வச்சுக் குடிங்க, பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா கொதிக்க வச்சுக் கொடுங்க” என்று சொல்லிக்கொண்டு நடந்தார். ஆறு நாள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் பலர் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். அப்படியும் நாற்பத்து மூன்று பேர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். பாதிப் பேர் குழந்தைகள். யாரும் சாகவில்லை. அது என் நல்ல காலம். என் நல்ல குணம் அல்ல.

பெட்டி ஓடியிருந்தால் அந்த நாற்பத்து மூன்று பேரும் தப்பியிருப்பார்களா? எனக்குத் தெரியாது. ஒரு பெட்டி ஊருக்கே போதுமா என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லை. அதுதான் நான் செய்தது.

மழைக்குப் பிறகும் அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எட்டு மணிக்குப் புட்டிகளை வைத்தார். பதினொரு மணிக்குப் பட்டையை நீட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், தன் பெட்டி வேலை செய்யவில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார் போல என்றுகூட நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. நிம்மதியாக ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

சென்ற வாரம், இந்த அழைப்பிதழில் போட ஒரு படம் வாங்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். தையல்கார நண்பர் படத்தைக் கொடுத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். நான் ஒருமுறை திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேனே, அதே குறிப்பேடு.

“அவ உங்ககிட்ட கொடுக்கச் சொன்னா சார். தேடிப் போய்க் கொடுக்காதீங்க, அவரா வந்தா கொடுங்கன்னா.”

“நீங்க படிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“படிச்சுட்டுத்தான் கொடுக்கிறேன்” என்றார். தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் தைக்கவில்லை.

குமிழியம்மா எதையும் எண்ணி வைப்பவர். சோதனைப் பட்டைகள் நினைத்தபோது கிடைக்காது, அதனால் ஒவ்வொன்றையும் எண்ணி எழுதியிருக்கிறார். அறுபத்திரண்டாம் நாளின் பக்கத்தைப் படிக்கிறேன்.

“நேற்று நான் விடுப்பு. பதினொரு மணிச் சோதனைக்கு ஒன்று போயிருக்க வேண்டும். டப்பாவில் எண்ணினேன், இரண்டு போயிருக்கிறது. ஒரு பட்டை குறைகிறது. சார் நேற்று எட்டரைக்கே வந்ததாகப் பம்ப் அண்ணன் சொன்னார். பெட்டியின் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்ததாம். சார் பார்த்திருக்கிறார். நல்லது. இனிக் கவலையில்லை. சொல்லுவார்.”

சொல்லுவார் என்று எழுதியிருக்கிறார்.

மழைக் காலத்தில் ஒரு பக்கம்: “சாவி கேட்டேன். கொடுக்கவில்லை. பயப்படுகிறார். பாவம், பயந்தவரிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது? தெருவுக்குப் போகிறேன்.” என்னைப் பாவம் என்று எழுதியிருக்கிறார், ஐயா. அவரைப் பாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில்.

நான் ஓய்வு பெற்ற நாளின் பக்கம்: “சாரை வழியனுப்பினோம். வாசல் வரை போனவர் திரும்பி என் பக்கம் வந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். குடையை மறந்து வைத்திருந்தார்.”

அதோடு என்னைப் பற்றிய குறிப்பு முடிகிறது.

அவர் நினைத்திருந்தால் என்னை ஒரே நாளில் கவிழ்த்திருக்கலாம். பம்ப் அண்ணன் சாட்சி, டப்பா சாட்சி, குறிப்பேடு சாட்சி. ஏன் செய்யவில்லை? அன்பா? பயமா? அடக்கமா? எனக்கு முன்னால் பேசியவர்கள் அடக்கம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் அளந்து பார்ப்பவர். என்னையும் குழாயடியில் வைத்து ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் இருந்த பதினான்கு ஆண்டுகளும் என் பட்டை வெள்ளையாகவே நின்றது.

பெரியோர்களே, இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியாகப் பேசுபவர் ஓர் உறுதி சொல்வது வழக்கம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போவோம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. எனக்குச் செய்யத் தெரிந்தது சில சின்ன வேலைகள்தான். அவற்றைச் சொல்கிறேன்.

என் அறிக்கை பொய் என்று தலைமை அலுவலகத்துக்கு நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. கண்காணிப்பாளர் அவர்களே, என் பதினொரு மணி விதி உங்கள் ஆய்வகத்தில் இன்னும் நடக்கிறது. இன்று காலையும் ஜன்னல் விளிம்பில் புட்டிகளைப் பார்த்தேன். தயவுசெய்து அதை இன்றே எடுத்துவிடுங்கள். பின்கொட்டகையில் பெட்டி இருக்கிறது. கரித்துணியை எலி கடித்திருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. புதிய துணி தைத்துத் தருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். எனக்காக அல்ல என்றும் சொன்னார். அது சரிதான். அவர் தைக்கட்டும், உங்கள் ஆட்கள் ஓட்டட்டும், குழாயடியில் நின்று ஐந்து நிமிடத்துக்குள் சோதியுங்கள். போதவில்லை என்று வந்தால் போதவில்லை என்றே எழுதுங்கள். அவரும் அதைத்தான் எழுதியிருப்பார். நாள்தோறும் வந்து பட்டை எண்ணிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமென்றால், நான் வருகிறேன். நாற்காலி வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பதிவேட்டை இங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இதோ, மேசையில் இருக்கிறது. அறுபத்தொன்றாம் நாளின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். என் கண் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று அன்று விதி போட்டேன். இன்று உங்கள் கண் முன்னால் எழுதுகிறேன். படிக்கட்டில் நிற்கிறவர்களும் மேலே வாருங்கள். பம்ப் கொஞ்ச நேரம் தானாக ஓடும்.

“இல்லை” என்ற சொல்லை அடிக்கிறேன். அதன் மேலே எழுதுகிறேன்.

காலை எட்டரை மணி. பெட்டியின் குழாயடி. அடர்நீலம். பார்த்தவன் நான்.

சொல்லிட்டேம்மா.